ஒரு மணி நேரப் பேச்சு

எத்தனையாவது தடவையோ, அனகா மறுபடியும் அமுக்கிப் பார்த்தாள். பிரவுசரின் வட்டம் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு அதுவும் காணாமல் போனது.

மணி நாலரை. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்ப ஐந்து மணி வரைதான் நேரம்.

அன்றைக்கென்று பார்த்து ஹர்த்தால். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஒரு கம்ப்யூட்டர் கடைகூடத் திறக்கவில்லை. போனில் விண்ணப்பப் பக்கம் பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. சர்ட்டிபிகேட் எல்லாம் லேப்டாப்புக்குள் கிடந்தன.

கேபிள் வேலை செய்யும் பக்கத்து வீட்டு சிஜு வந்து உட்கார்ந்தான். அணைத்தான், போட்டான். கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுதினான். அனகாவின் அப்பா வேலாயுதன் பின்னால் நின்றான், சுமை தூக்கித் தூக்கி ஒரு பக்கம் இறங்கிப்போன தோளோடு.

"பிரவுசருக்கு ஒரு சூக்கேடும் இல்ல மாமா," என்றான் சிஜு. "அதுக்கு மூச்சு விட இடமில்ல, அதாக்கும் காரியம். ஒத்த வீடியோ மொத்த இடத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. பதினொண்ணு மணிக்கூர்! யாரு எடுத்த படமாக்கும் இது?"

வேலாயுதன் எடுத்தது.

மனைவி ஸ்ரீகுமாரிக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடப்பதற்கு முந்தின சாயங்காலம் அது. இனி குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடியோ எடுக்க லேப்டாப்பில் எந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். எப்படி நிறுத்துவது என்று அவன் கேட்கவில்லை.

அவன் அமுக்கியதும் ஸ்ரீகுமாரி அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்குள்ளதாக்கும். பொறவு கேட்டாப் போரும்."

ஒரு மணி நேரம் உள்ளே பேசினாள். அவன் முற்றத்தில் நின்று பீடி பிடித்தான். நடுவில் ஒரு தடவை அவள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் வெளியே வந்தபிறகு அவன் உள்ளே போய், லேப்டாப்பில் தூசு விழாமல் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டைப் போட்டு மூடினான். மூடினால் நின்றுவிடும் என்றுதான் நினைத்தான். விடிந்ததும் ஆஸ்பத்திரி. பன்னிரண்டு நாள் கழித்து வீடு திரும்பி, இன்றுதான் அந்தத் துவர்த்தை எடுத்தார்கள்.

"ஒரு மணிக்கூருக்கு மாமி முகம். பாக்கி பத்து மணிக்கூரும் துவர்த்துக்க உள்பக்கம்," என்றான் சிஜு. "தியேட்டர்ல போட்டா நூறு நாள் ஓடும் மாமா."



இருட்டை மட்டும் வெட்டிப் போட்டுவிடச் சொன்னான் வேலாயுதன். வெட்டவும் இடம் வேண்டுமாம். சிஜுவின் பென்டிரைவ் அதில் கால்வாசிகூடக் கொள்ளாது. மற்றதையெல்லாம், பள்ளிக்கூடப் பாடங்களையும் ஓணத்துக்கு எடுத்த போட்டோக்களையும் அனகா போன வருஷமே அழித்துவிட்டாள்.

மணி நாலே முக்கால்.

"ஒண்ணில் இது. இல்லேங்கில் அது. சீக்கிரம் சொல்லணும்," என்றான் சிஜு.

அடுக்களை வாசலில் கழுத்துக் கட்டோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீகுமாரியை வேலாயுதன் திரும்பிப் பார்த்தான்.

ஐம்பது வயதுக்கு மேல் பஞ்சாயத்து வகுப்புக்குப் போய் மலையாள எழுத்துப் படித்தவன் அவன். அவளையும் கூப்பிட்டான். எனக்குத்தான் வாயிருக்கே, எழுத்து எதுக்கு என்று சொல்லிவிட்டாள். இப்போது வாயும் இல்லை, எழுத்தும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொன்னாள் என்று இனி அவளாலும் சொல்ல முடியாது.

அவள் கையைத் தூக்கினாள். சிலேட்டைத் துடைப்பதுபோல் காற்றைத் துடைத்துக் காட்டினாள். அப்புறம் மகளைச் சுட்டிக்காட்டினாள்.

"அழி மக்கா," என்றான் வேலாயுதன்.

அனகாவின் விரல் நகரவில்லை. சிஜுதான் எட்டி அமுக்கினான். குப்பையில் கிடந்தாலும் இடம் பிடிக்கும் என்று குப்பையையும் காலி செய்தான். நிரந்தரமாக அழித்துவிடவா என்று மெஷின் கேட்டது. அதற்கும் அவனே பதில் சொன்னான்.

அடுத்த அமுக்கில் பிரவுசர் திறந்தது, ஒன்றுமே நடக்காததுபோல.

"பாத்தீரா!" என்று சிஜு தொடையில் தட்டினான்.

விண்ணப்பப் பக்கம் வந்தது. அனகா கண்ணைத் துடைக்காமல் குனிந்து, பெயர், பிறந்த தேதி, மார்க் என்று படபடவெனத் தட்டினாள். பக்கத்தின் உச்சியில் சிவப்பில் ஒரு மலையாள வரி ஓடிக்கொண்டிருந்தது. வேலாயுதன் உதட்டை அசைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டினான். வரி மூன்று முறை ஓடி முடிந்தபோதுதான் முழுதும் கூடியது.

ஹர்த்தால் காரணமாகக் கடைசித் தேதி அடுத்த வெள்ளிக்கிழமை வரை நீட்டப்பட்டிருக்கிறது.

ஸ்ரீகுமாரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றிருந்தாள். அவன் முழங்கையைத் தட்டி, அந்தச் சிவப்பு வரியைக் காட்டி, என்ன என்று முகவாயால் கேட்டாள்.

"சரியா அஞ்சு மணிக்கு அடைச்சிருவாங்களாம்," என்றான். "பொறவு வாறவங்களுக்குக் கிட்டாதாம். அதாக்கும் போட்டிருக்கு."

அனகாவின் விரல்கள் நின்றன. அவள் தலையைத் தூக்கி அந்தச் சிவப்பு வரியை வாசித்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் தட்டத் தொடங்கினாள், முன்னைவிட வேகமாக.

ஸ்ரீகுமாரி நெஞ்சில் கை வைத்தாள். நல்ல காலம் என்று தலையாட்டிவிட்டு, சிஜுவுக்குச் சாயா போட உள்ளே போனாள்.