முப்பத்திரண்டு கண்ணாடித் துண்டுகள்

“மறுபடியும் வந்து படுக்கணுமா? என்னை என்ன வேலைவெட்டி இல்லாதவள்னு நெனச்சியா?”

ஃபோனில் ஒரு அம்மா போட்ட சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

“என் தப்புதாம்மா. நாளைக்கு வந்துடுங்க, காசு வேண்டாம்” என்றார் ரிசப்ஷன் அண்ணன். இது பதினேழாவது மன்னிப்பு.

மைக்ராஸ்கோப் முன்னால் இருந்த டெக்னீஷியன் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு இவருடையதா என்ன?

கருப்பை வாயிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் துண்டில் தடவியதும், ஓரத்தில் பெயரைப் பென்சிலால்தான் எழுதணும். ஸ்பிரிட்டில் முக்கினால் பேனா மை கரைந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி.

ஆனால் பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு ஃபோட்டோ எடுக்க ஆள் வந்துவிட்டாரே! முதலாளி டாக்டருக்குப் பென்சில் கேவலமாகப் பட்டது. தங்க நிறப் பேனாவை எடுத்து முப்பத்திரண்டு பெயரையும் அவரே எழுதினார். ஃபோட்டோ பிரமாதம். பெயர்கள்தான் ஸ்பிரிட்டோடு போயின.

அதில் ஒரு துண்டில் செல்கள் உருமாறியிருந்ததை இன்று காலை அவள்தான் பார்த்து, முதலாளியிடம் சொன்னாள். இன்னும் புற்றுநோய் ஆகவில்லை. இப்போதே பிடித்தால் சின்ன சிகிச்சையோடு போய்விடும். விட்டால் போகாது. வலியில்லை, அறிகுறியில்லை. யாரென்றே தெரியாத அந்த ஒருத்தி இந்நேரம் எங்கேயோ நிம்மதியாகத் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

“ஏண்ணே, அவர் பழியை நீங்க ஏன் சுமக்கிறீங்க?”

“டாக்டரே தப்பு பண்ணார்னா ஒருத்தரும் வரமாட்டாங்க. நான் பண்ணேன்னா திட்டிட்டாவது வருவாங்க.”

“நல்லாப் போடுறீங்க ஜால்ரா! அவர் உட்காருன்னா உட்காருவீங்க, நில்லுன்னா நிப்பீங்க.”

அண்ணன் பதினெட்டாவது நம்பரை அழுத்தினார்.

முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “இன்னுமா ஃபோன்? காலையில நான் உன்கிட்ட என்னய்யா சொன்னேன்?”

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

“என்னண்ணே சொன்னார்?”

ஃபோனைக் காதில் வைத்தபடியே அண்ணன் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே முப்பத்திரண்டு ரிப்போர்ட். எல்லாவற்றிலும் ‘குறை ஏதுமில்லை’. எல்லாவற்றிலும் முதலாளியின் கையெழுத்து. பத்து மணிக்குள் சீல் குத்தி அனுப்பச் சொல்லியிருந்தார்.

மணி பன்னிரண்டரை. ஒன்றில்கூட சீல் இல்லை.