சத்தமில்லாத வண்டி

தேனி ஷோரூமின் கண்ணாடி வழியே வரும் காலை வெயிலில் புது வெள்ளைக் கார் கண்ணைக் கூசவைக்கிறது. நாகஜோதி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். இருக்கையின் பிளாஸ்டிக் உறை சரசரக்கிறது. பக்கத்தில் அமர்ந்த விற்பனையாளர் விஜயபாண்டி கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அற்றுப்போகிறது. “பிரேக்குல சத்தம் வந்தா யார்ட்டச் சொல்லணும்?” என்கிறாள். “நம்ம சர்வீஸ்ல சொல்லுங்கக்கா, உடனே பாத்துருவாக.” “எங்க வீட்டுக்காரரும் பழைய வண்டிய மூணு தரம் கொண்டுபோய்ச் சொன்னாக. சர்வீஸ்காரவுக ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாக. கம்பம்மெட்டு மலை எறக்கத்துல பிரேக் பிடிக்கல. வண்டியோட பள்ளத்துல போய்ட்டாக.” விஜயபாண்டி விலைப்பட்டியலை மடியில் கவிழ்த்து வைக்கிறான். “இது வேற கம்பெனிக்கா,” என்கிறான் மெல்ல. அவள் தலையாட்டுகிறாள். இன்னும் ஸ்டார்ட் செய்யாத வண்டி, வழவழத்த தரையில் அசையாமல் நிற்கிறது. பிரேக்கில் அழுந்திய அவளது வலது கால் மட்டும் எழ மறுக்கிறது.