ரெண்டுக்கும் ஒரே ஆம்ப்

"மெட்டலுக்கும் ஜாஸுக்கும் சேர்த்து ஒரே கிட்டார் ஆம்ப் வேணும்ண்ணா," என்றாள், ஆம்பூரிலிருந்து அப்பாவோடு வந்திருந்த ஜாஸ்மின்.

வேலூர் இசைக்கருவிக் கடைக்காரர் ஜெயசீலன் மூன்று ஆம்ப்ளிஃபயர்களை எடுத்து வைத்தார். அவள் தன் கிட்டாரை ஒன்றில் மாட்டி மெட்டல் இசை வாசித்ததில் கடையே அதிர்ந்தது. மென்மையான ஜாஸுக்கு மாறியதும் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"இதாண்ணா. எவ்ளோ ஏத்தினாலும் கரகரங்கல."

"உன் கைக்கு ஏத்ததும்மா. கச்சேரி எங்க?"

அவள் வயரைச் சுருட்டினாள். அப்பா இன்பராஜ்தான் சொன்னார்.

"மாப்ள கேட்டாருங்க. கட்டில், பீரோவோட இதையும் சீர்ல வைக்கணுமாம்."

"அவரும் வாசிப்பாரா?"

"இனிமேதான் கத்துக்கணுமாம்."

"அப்ப, பாப்பா வாசிக்காதா?"

"கல்யாணத்துக்கப்புறம் மேடை ஏறக் கூடாதுன்னுட்டாங்க."

ஜாஸ்மின் கிட்டாரை உறையில் போட்டு ஆம்ப் மேல் வைத்தாள்.

"இதையும் சேர்த்துக் கட்டிடுங்கண்ணா. அவர்கிட்ட கிட்டார் இல்லயாம்."