லிட்டருக்கு எவ்வளவு?

"புது வண்டி லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர். பழைய வண்டி பன்னிரண்டு. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்றது?"

முதலாளியம்மா நோட்டை மேசையில் போட்ட போட்டில் தேநீர்க் கோப்பை ஒரு துள்ளுத் துள்ளியது.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் அது. இரண்டு டீசல் பிக்கப். இரண்டுக்கும் தினம் எழுபது கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள். சனிக்கிழமை டேங்கை நிரப்பி, எத்தனை லிட்டர் பிடித்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

ஓட்டுகிறவர்களுக்கும் வண்டியின் பெயரே ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயதுக்காரர் பழசு. நாற்பதை எட்டாதவர் புதுசு.

"வாயைத் திறங்க, புதுசு. பதினாலு கொடுக்கும்னு சொல்லித்தானே மாப்பிள்ளை இதை என் தலையில கட்டினார்?"

"கால் கொஞ்சம் கனம்மா. மிதிச்சுடறேன்."

"கால் கனமா, கை நீளமா?"



பழசுக்கு ஒரே கொண்டாட்டம். "ஏசி இருக்கு, பாட்டு இருக்கு, பின்னாடி பார்க்கக் கேமரா இருக்கு. வயித்துல ஓட்டையும் இருக்கு போல, தம்பி!"

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. பழைய வண்டியைத் தொலைத்துவிடச் சொல்லி மாப்பிள்ளை நச்சரித்தபோது, "பத்துக்குக் கீழே இறங்கட்டும், அன்னைக்கே எடைக்குப் போட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார் முதலாளியம்மா. வண்டி போனால் பழசும் வீட்டுக்குத்தான். கண்ணில் புரை எடுத்த மனிதரை நம்பி வேறு யார் சாவி கொடுப்பார்கள்?

திங்கட்கிழமை காலையில், புது வண்டியின் டேங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவி முதலாளியம்மாவின் கைப்பைக்குள் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை பெட்ரோல் பங்க்குக்கு அவரே போய் நின்றார். புது வண்டி முப்பது லிட்டரோடு நிரம்பிவிட்டது.

"நானூத்தி இருபது கிலோமீட்டருக்கு முப்பது. அப்போ லிட்டருக்குப் பதினாலு! பூட்டு போட்டதும் உங்க கால் எப்படி லேசாச்சு?"

புதுசு டேங்க் மூடியைத் துணியால் துடைத்தார்.

"திருடனோட மாரடிக்க எனக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை வராதீங்க."

"சரிம்மா."

முதலாளியம்மாவுக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா இந்த ஆள்!

அடுத்தது பழைய வண்டி. முப்பத்தைந்தில் நிற்க வேண்டிய மீட்டர் நாற்பதைத் தாண்டி, நாற்பத்தேழில்தான் நின்றது. லிட்டருக்கு ஒன்பதுகூட இல்லை.

பழசு பங்க் தரையில் மண்டியிட்டு, வண்டியின் அடியில் தலையை விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"அம்மா... நான் தொடலை. என் பிள்ளைங்க மேல ஆணை. என்னாச்சுன்னே தெரியலை."

"இது வேறயா!" முதலாளியம்மா நோட்டைப் பிரித்து இரண்டையும் எழுதினார். முப்பது. நாற்பத்தேழு. பேனா தானாகக் கூட்டல் போட்டது.

எழுபத்தேழு.

முந்தைய வாரத்தைப் பார்த்தார். நாற்பத்திரண்டு, முப்பத்தைந்து. அதுவும் எழுபத்தேழு. அதற்கு முந்தைய வாரமும் அதேதான். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை.

புதுசு வண்டிக்குள்ளிருந்து தன் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளியம்மா கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"எப்போ ஊத்துவீங்க?"

புதுசு பழசை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். "சாயங்காலம் அவர் பஸ்ஸுக்குப் போன பிறகும்மா. இதிலேர்ந்து அதுக்கு, தினம் ரெண்டு லிட்டர்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை உதைப்பார்."

"திருடன்னு சொன்னேனே, அப்பவாவது வாயைத் திறக்கக் கூடாதா?"

"என்னைத் துரத்தினா எனக்கு இன்னொரு வண்டி கிடைக்கும்மா. அவருக்குக் கிடைக்காது."

முதலாளியம்மா கைப்பையைத் துழாவி, பூட்டுச் சாவியைப் புதுசின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிறகு பழசின் பக்கம் திரும்பி அதட்டினார்.

"என்ன மண்ணைத் தட்டிக்கிட்டு நிக்கறீங்க? வண்டிக்கு ஒண்ணுமில்லை. நான்தான் இத்தனை நாளாக் கணக்கைத் தப்பா எழுதிட்டேன். ரெண்டு பேரும் திங்கட்கிழமை நேரத்துக்கு வந்து சேருங்க."

கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை.

"இந்த வாரம் எவ்வளவு கொடுத்துச்சு, அத்தை?"

"கிட்டத்தட்டப் பதினொண்ணு."

"எந்த வண்டி?"

"ரெண்டும் சேர்ந்து, மாப்பிள்ளை. ரெண்டும் சேர்ந்துதான் ஓடுது."