விலாசம் ஒட்டாத பொட்டலங்கள்

அழட்டும். இன்னும் நன்றாக அழட்டும்.

மலர்விழி அதை வெளியே சொல்லவில்லை. பார்சலில் விலாசச் சீட்டை ஒட்டிக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

திண்டிவனம் கூரியர் ஆபீஸ் மேசைக்கு அந்தப் பக்கம், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி தனம் நின்றாள். முன்பு மாமியார். அப்பாவின் தங்கை என்பதால் இன்றும் அத்தை.

"ஷாலினி புள்ளைக்கும் அதே மாதிரி ஆயிக்கினு வருது, மலரு. ஈறு வீங்கிப் போச்சு, வெரலு நீட்ட மாட்டேங்குது. எல்லாம் உன் வயித்தெரிச்சல்தான். அமாவாசைக்கு மேல்மலையனூர் வந்து, வுட்ட சாபத்த எடுத்துக்கினேன்னு அங்காளம்மா எதிர்க்க ஒரு வார்த்த சொல்லிடுடி. உன் கால்ல வுழறேன்."

ஈறு. விரல். மலர்விழியின் மகனுக்கும் அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது பிறந்தநாளுக்கு அவன் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள், "உங்கம்மா கெடாரு ஊர்லேர்ந்து கொண்டாந்த கெட்ட ரத்தம்" என்று இதே அத்தைதான் அவளைப் பஸ் ஏற்றினாள். அடுத்த தையில், மலர்விழிக்குக் கணவனாயிருந்த தன் மகன் மணிமாறனுக்குத் தன் மகள் வயிற்றுப் பேத்தி ஷாலினியையே கட்டிவைத்தாள். சொந்தமும் விடாது, ரத்தமும் சுத்தம்.

சென்னை டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொட்டலம் கட்டும் இடம் ஒன்று உண்டு. குப்பையைக் கரைக்கும் சாறுகளுக்கு அங்கேதான் விலாசம் ஒட்டி, குப்பைப் பைக்கு அனுப்புகிறார்கள். இவள் பிள்ளைக்கு விலாசம் ஒட்டவில்லை. சாறு வழி தவறி வெளியே போயிற்று. குப்பை உள்ளேயே தேங்கியது.

அப்பா, அம்மா இருவரிடமும் இருந்தால்தான் இந்தக் குறை பிள்ளைக்கு வரும் என்றார். சொந்தமா என்று கேட்டு, இருவருக்கும் கோடு போட்டார். இரண்டு கோடும் மேலே ஏறி ஒரே வீட்டில் முட்டின. தனம் பிறந்த வீடு.

மணிமாறன் அப்போது டீ குடிக்கப் போயிருந்தான்.

ஷாலினிக்கும் மணிமாறனுக்கும் தட்டு மாற்றப் போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, அவர்கள் இருவருக்கும் அதே மாதிரிக் கோடுகளை மலர்விழி மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை அந்த வீடு வரைகூடப் போகவில்லை; தனத்திடமே முட்டின.

சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். தான் சடை பின்னிவிட்ட ஷாலினியின் முகம் வந்தது. பிறகு மகனின் மடங்கிய விரல்கள் வந்தன.

போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒரு வார்த்ததானேடி?" தனம் கைகூப்பினாள்.

"அதை இனிமே எடுக்க முடியாது, அத்தை. நான் வர்ல."