ராணி தூங்குகிறாள்

“ராணி தூங்குறாம்மா. எங்களுக்கும் அவளுக்கும் இருபதே அடி. சத்தம் கேட்டா முழிச்சுக்குவா, அப்புறம் பேசறேன்.” வயர்லெஸ்ஸில் கிசுகிசுத்துவிட்டு ஜீப்பிலிருந்து குதித்தான் யோதாம்.

குதித்தவன் நேரே போனது அடுப்புக்கு. ராணி என்கிற பெண்சிங்கம் எங்கே இருக்கிறாள் என்பது அவனுக்கும் தெரியாது, ஓட்டுநர் லாஸ்வெல்லுக்கும் தெரியாது. காலையிலிருந்து அவளைத் தேடினால்தானே!

விடியும்போதே ஆற்றின் அக்கரையிலிருந்த அவன் ஊரிலிருந்து தகவல் வந்துவிட்டது. யோதாமின் மனைவிக்கு இரட்டைக் குழந்தை. ஒன்பது வருஷத் தவம்!

லீவு கேட்டான். “சாயங்காலம் நானே வந்து உன்னை மாத்திவிடறேன். அதுவரைக்கும் ராணி மேலருந்து கண்ணை எடுக்காதே,” என்றுவிட்டார் மேலதிகாரி எலினஸ் அம்மாள். அவர் முறைத்தால் யானைக்கூட்டமே வரிசையில் நிற்கும், யோதாம் எம்மாத்திரம்?

“இரட்டைப் பிள்ளை பெத்தவனைத் திட்டிப் பாடறது நம்ம ஊர் வழக்கம், பாடாட்டி பிள்ளைங்களுக்கு ஆகாது அண்ணே. நாமளே லீவு விட்டுக்குவோம்,” என்றான் லாஸ்வெல்.

வரும் வழியில் ஒரு குடுவைக் கள்ளும் ஓர் ஆடும் வாங்கினார்கள். கழுதை அளவு ஆடு. ஒரு பின்தொடையைப் பச்சையாகவே ஜீப்பின் பின்பலகையில் வைத்தான் யோதாம். “இது என் பொண்டாட்டிக்கு. பெத்த உடம்பு.”

மீதி தீயில் ஏறியது. லாஸ்வெல் திட்டிப் பாட ஆரம்பித்தான். அவன் பாடிய பாட்டுக்கு ஆற்றிலிருந்த நீர்யானைகள் காதைப் பொத்திக்கொண்டு முங்கின.

ராணியின் கழுத்துப்பட்டை ஒலியைப் பிடிக்கும் கருவி மட்டும் டிக் டிக்கென்று தாளம் தப்பிக் கத்திக்கொண்டே இருந்தது. யோதாம் அதன் ஏரியலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே சத்தம்.

“அவ இருக்கிற திசையிலதான சத்தம் கூடணும்? நாலு திசையிலயும் அவளே இருக்காளா?” என்றான் லாஸ்வெல். “கெட்டுப்போச்சு. அணைச்சுத் தொலை.”

அணைத்தான். ஆனால் மணிக்கொரு தரம் வயர்லெஸ் கூப்பிட்டது. மணிக்கொரு தரம் ராணி தூங்கினாள்.

மூன்று மணிக்குத் திரும்பிப் பார்த்தால் பின்பலகையில் தொடையைக் காணோம்.

“ஏண்டா, உன் பொண்டாட்டிக்குச் சுருட்டிட்டியா?”

“நானா? எனக்குப் பொண்டாட்டியே இன்னும் அமையல, தொடையை வச்சு என்ன பண்ண?”

சண்டை ஓய்ந்தபோதுதான் யோதாமுக்கு ராணி ஞாபகம் வந்தது. போன மாதம் இரண்டு முறை ஆற்றைக் கடந்து ஊருக்குள் நுழைந்தவள் ராணி. அவள் அந்தப் பக்கம் நகர்ந்தால் ஊரை எச்சரிப்பது ஒன்றுதான் அவனுக்கு உத்தியோகம்.

அக்கரையில் முதல் குடிசை அவனுடையது. கதவென்று அங்கே தொங்குவது ஒரு பாய்.

“லாஸ்வெல்... அவ ஆத்தைக் கடந்திருந்தா?”

யோதாம் கருவியை மறுபடி போட்டான். நாலு திசையிலும் அதே டிக் டிக். கெட்டுப்போனதைக் கேட்டு என்ன லாபம்?

வயர்லெஸ்ஸை எடுத்தான், வைத்தான். எடுத்தான், வைத்தான். காலையிலிருந்து எட்டுப் பொய். ஒரு நிஜத்துக்கு வாய் வரவில்லை. பிறந்த அன்றைக்கே பிள்ளைகளைப் பாட்டுப் பாடிக் காவு கொடுத்த அப்பன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான் என்று தோன்றியது.

ஐந்து மணிக்கு எலினஸ் அம்மாள் வண்டி வந்தது. இறங்கியவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார். காலிக் கள்ளுக் குடுவையைப் பார்த்தார். தோளில் துப்பாக்கியோடு ஜீப்புக்குப் பின்னாலிருந்த புதருக்குள் போனார்.

திரும்பி வரும்போது பாதத்தோடு பாதம் ஒட்டிவைத்து, தரையைப் பார்த்தபடி மெல்ல நடந்து வந்தார். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

யோதாம் ஊர் வழக்கப்படி முழங்காலிட்டுக் கைகளைத் தட்டி வணங்கினான். “அம்மா, என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஆனா முதல்ல ஊரை எச்சரிங்க! நான் காலையிலருந்து சொன்னது அத்தனையும் பொய். ராணியை நாங்க கண்ணாலயே பார்க்கல. கருவியும் கெட்டுப்போய் நாலு திசையிலயும் கத்துச்சு.”

“ஊருக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் அவ என் வண்டிக்குக் குறுக்கே மலைப்பக்கம் போனா. வயிறு நிறைஞ்ச நடை.”

முதுகுக்குப் பின்னாலிருந்த கையை முன்னால் நீட்டி, சுத்தமாக நக்கித் துடைத்த ஓர் ஆட்டுத் தொடை எலும்பைப் பின்பலகையில் வைத்தார் எலினஸ் அம்மாள்.

“கருவி கெடல. புதருக்குள்ள அவ தூங்கின தடம் இருக்கு, இவ்வளவு பக்கத்துல இருந்தா அது நாலு திசையிலயும் கத்தும். ஆனா நீ சொன்னது பொய்தான். இருபதடி இல்ல, எட்டடி.”