குரலுக்கு அனுமதி

வாக்கியத்தின் நடுவில் குரல் நின்றது.

அவன் அம்புக்குறி விசையை அழுத்தினான். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினான். தலைக்கு மேல் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நாற்பது நிமிடம் முடிந்துவிட்டது.

கண் தெரியாத அவனுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வது அந்த மென்பொருள்தான். அதன் உரிமத்தை இணையம் வழியாக உறுதி செய்துவிட்டால் நாளெல்லாம் பேசும். இல்லையென்றால் நாற்பது நிமிடம்தான். பிறகு கணினியை அணைத்து மறுபடி போட வேண்டும்.

வீட்டுக் கணினியில் இந்தத் தொல்லை இல்லை. நாகர்கோவிலில் இந்த வங்கி அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான். இங்கிருந்து இணையத்துக்குப் போகும் எதுவும் தலைமை அலுவலகத்தின் ஃபயர்வால் என்னும் பாதுகாப்பு அரணைத் தாண்டியாக வேண்டும்.

அது விடவில்லை.

கணினியை அணைத்தான். போட்டான். காத்திருந்தான்.

குரல் வந்தது. அமைப்புகளுக்குள் போய், அந்த அரணைத் தாண்ட வழி தரும் ப்ராக்ஸி முகவரியை இட்டான். போர்ட் எண்ணை இட்டான். உறுதி செய்யச் சொன்னான்.

‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றது, வருத்தமோ கோபமோ இல்லாமல்.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். திரையின் மூலையில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார் எடுத்தவர். தெரியாது என்றான். நன்றாகப் பாருங்கள் என்றார். தனக்குக் கண் தெரியாது என்றான். அப்படியென்றால் பக்கத்தில் யாராவது இருந்தால் போனைக் கொடுங்கள் என்றார்.

அவன் வைத்துவிட்டான்.

தோளில் ஒரு கை விழுந்தது. மேலாளர் தாணுமாலயன். நல்ல மனிதர். முதல் நாளே காற்று வரும் இடமாகப் பார்த்து அவனுக்கு மேசை போடச் சொன்னவர்.

“எதுக்குத் தம்பி இதோட மல்லுக்கட்டுதீங்க? உங்க ஃபைலையும் ராபின்சன் பாத்துக்கிடுவாரு. நீங்க நிம்மதியா இருங்க. சம்பளம் வந்துரும்லா.”

கை தோளை இரண்டு முறை தட்டிவிட்டுப் போனது.

கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை அவனுக்கு. தேர்வு எழுதி வாங்கிய வேலை. இன்னும் ஒரு விண்ணப்பத்தைக்கூட முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

மறுபடி உறுதி செய்யச் சொன்னான். மறுத்தது.

மறுபடி.

உள்ளங்கையால் விசைப்பலகையை ஓங்கி அடித்தான். சுற்றிலும் பேச்சு நின்றது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. மறுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் குரல் சற்றுத் தயங்குகிறது. அந்த நேரத்தில் திரையில் ஏதோ வந்து போகிறது. குரலுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

பக்கத்து மேசை ஷெரினைக் கூப்பிட்டான். என்ன வருகிறது என்று மட்டும் சொல்லச் சொன்னான். மவுஸைத் தொட வேண்டாம் என்றான். சொன்ன பிறகே தன் பேச்சின் கடுமை அவனுக்குக் கேட்டது.

ஷெரின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து பார்த்தாள். சின்னப் பெட்டி ஒன்று வருகிறது, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது, அதற்குள் மறைந்துவிடுகிறது என்றாள். இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். பெயருக்கு முன்னால் கிளை எண் போட வேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது என்றாள்.

கிளை எண். அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

அமைப்புகளுக்குள் போனான். கிளை எண்ணோடு சேர்த்துத் தன் பெயரை இட்டான். கடவுச்சொல்லை இட்டான். மறுபடி உறுதி செய்யச் சொன்னான்.

‘உரிமம் உறுதி செய்யப்பட்டது.’

ஷெரின் மேசையை மெல்லத் தட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தன் பெயருக்கு ஒதுக்கிய விண்ணப்பங்களைத் திறந்தான்.

‘பட்டியலில் எதுவும் இல்லை.’

மூடித் திறந்தான். அதையே சொன்னது, அதே தெளிவோடு.

இரண்டு மேசை தள்ளி ராபின்சன் விடாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

அவன் எழுந்தான். மடக்குக் கோலை விரித்து, மேலாளர் அறைவரை நடந்தான். கதவு திறந்தே இருந்தது.

“வாங்க தம்பி. காபி சொல்லட்டா?”

“என் ஃபைலைத் திருப்பித் தாங்க சார்.”

நாற்காலி ஒன்று இழுபடும் ஓசை கேட்டது. முதலில் உட்காருங்கள் என்றார், மிகவும் அன்பாக.

அவன் நின்றுகொண்டே இருந்தான்.